பிலிமில் விழாத கோடு

ஐரின் மேடம் வகுப்பில் மலேரியா பாடத்தைத் தொடங்கினால் மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பாடப் புத்தகத்தில் அதற்கு ஒதுக்கியிருப்பது இரண்டே பக்கம். மேடமோ இரண்டு வாரம் ஆனாலும் அதைவிட்டு நகர மாட்டார். கொசுவின் வயிறு, மனிதனின் ஈரல், சிவப்பணு என்று கரும்பலகை நிறையப் படம் போடுவார். சாக்பீஸ் தூள் புடவைத் தலைப்பெல்லாம் ஒட்டியிருக்கும்.

2004-ல் ஷ்ரேயா என்ற துடுக்கான பெண் எழுந்து, மேடத்துக்கு மலேரியா வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டாள்.

"வந்ததில்லம்மா," என்றார் ஐரின். "ஆனா அதுங்களோட அஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் குடித்தனத்தின் கதை இந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்? பெங்களூரில் விடிகாலையில் ஸ்வெட்டர் போடாமல் யாரும் தெருவில் இறங்காத காலம் அது. சாலைக்கு இரண்டு பக்கத்து மரங்களும் நடுவானத்தில் கை கோத்து நின்ற காலம். ஐரினுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

காக்ஸ் டவுனில், மாதா கோவிலுக்குப் பின்தெருவில், ஓடு வேய்ந்த பழைய வீடு அவர்களுடையது. அப்பா ஓஸ்வால்ட் காலமாகிவிட்டார். அண்ணன் லாயிட் ஆஸ்திரேலியாவுக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பும் உறவாகிவிட்டான். மிஞ்சியது, எல்லோரும் பெட்டி என்று கூப்பிடும் அம்மாவும் ஐரினும்தான். பெட்டி சர்ச் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். குரல் கொஞ்சம் கட்டை. மனசு அதற்கு நேர்மாறு.

1991-ல் ஐரின், ஊரின் வடக்கே மரங்கள் அடர்ந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்காகச் சேர்ந்தாள். அவளுடைய வழிகாட்டி டாக்டர் பத்ரிநாத். அதே வாரம் அதே ஆய்வகத்தில் சேர்ந்தவள் நிருபமா. தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து மல்லேஸ்வரத்தில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பம். நிருபமா கன்னடம் பேசினால், கன்னடக்காரர்களே அவளை எந்தத் தாலுகா என்று விசாரிப்பார்கள்.

இரண்டு பெண்களுக்கும் வாய்த்த பிள்ளை மலேரியாக் கிருமி. பிடிவாதக்காரப் பிள்ளை. மனித ரத்தத்தில்தான் வளரும். உடம்புச் சூடு குறையக் கூடாது. தினமும் பழைய ஊட்டத் திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றோ தீபாவளி என்றோ அதற்குத் தெரியாது. காற்றில் பிராணவாயு அதிகமாக இருந்தாலும் அதற்கு ஆகாது. வசதியான ஆய்வகங்கள் அதற்கென்றே சிலிண்டரில் தனிக் காற்று வாங்கும். இவர்களிடம் இருந்தது தடித்த கண்ணாடி ஜாடியும் மெழுகுவர்த்தியும்தான். கிருமித் தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி மூடிவிடுவார்கள். சுடர் தனக்கு வேண்டிய மட்டும் பிராணவாயுவைத் தின்றுவிட்டுத் தானே அணையும். மிஞ்சுவது கிருமிக்குப் பிடித்த காற்று. ஜாடியை அப்படியே சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

முதல் நாள் ஐரின் பயபக்தியோடு மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்த நிருபமா, "சர்ச்சுல ஏத்தறது பத்தலன்னு இங்கயுமாடீ?" என்றாள்.

"அங்க ஏத்தினா கேட்டது கிடைக்க லேட்டாகும். இங்க மறுநாளே பலன்," என்றாள் ஐரின்.

அன்றே சிநேகிதம் ஒட்டிக்கொண்டது.

அது இறுகியது அந்த டிசம்பரில். காவிரித் தகராறில் ஊர் கொந்தளித்து, ஊரடங்கு போட்டுவிட்டார்கள். காக்ஸ் டவுனிலிருந்து ஆய்வகத்துக்குப் பஸ் கிடையாது. தமிழ் பேசும் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தன. ஐரின் தன் கிருமிகளை மனசுக்குள் புதைத்துவிட்டாள். ஊரடங்கு தளர்ந்து ஆய்வகத்துக்குப் போய்ச் சூட்டுப் பெட்டியைத் திறந்தால், அவளுடைய தட்டுகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. நிருபமா தினமும் மல்லேஸ்வரத்திலிருந்து நடந்தே வந்து, தன்னுடையவற்றோடு ஐரினுடையவற்றுக்கும் ஊட்டியிருக்கிறாள். முனையில் நின்ற போலீஸ்காரர் தடுத்தபோது, "மக்களிகே ஹாலு கொடபேகு" என்றாளாம். குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். தாலிகூட இல்லாத அந்தக் கழுத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் என்ன நினைத்தாரோ, வழி விட்டுவிட்டார்.

அதன்பிறகு நிருபமா வராத ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனில் இல்லை. பெட்டி அவளுக்கென்று தனியாக முட்டை போடாத கேக் செய்து வைப்பார். அவள் வந்தால் வீட்டில் பேச்சும் சிரிப்பும் கூரை ஓட்டைத் தூக்கும்.

ஆராய்ச்சியில் பத்ரிநாத் சார் இவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த வேலை இதுதான். ரத்தத்தில் கிருமிகள் பெருகிக்கொண்டே போகும். அவற்றில் சில மட்டும் பெருகுவதை நிறுத்திவிட்டு, ஆண், பெண் என்று பிறை வடிவம் எடுத்து ஒதுங்கிக் காத்திருக்கும். கொசு வந்து உறிஞ்சிக்கொண்டு போனால்தான் அவற்றுக்குக் கல்யாணம். கொசு வராவிட்டால் கன்னியாகவே மடிய வேண்டியதுதான். அந்தப் பெண் பிறைகளுக்கு நிருபமா வைத்த பெயர் மணப்பெண்கள். கொசுவின் வயிற்றுக்குள் போனதும் மணப்பெண் போர்த்திக்கொள்ள ஒரு புரதப் போர்வை உண்டு. எந்தப் புரதமும் தயாராவதற்கு முன்னால் அதற்கான ஆணை உயிரணுவுக்குள் எழுதப்பட வேண்டும். ஆர்.என்.ஏ. என்பது அந்த ஆணைதான். போர்வைக்கான ஆணை மனித ரத்தத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறதா என்று பார்ப்பது ஐரினின் வேலை. போர்வை எப்போது தயாராகிறது என்று பார்ப்பது நிருபமாவின் வேலை.

ஐரின் ஆணையைக் கண்டுபிடித்தாள். மனித ரத்தத்தில் காத்திருக்கும் மணப்பெண்ணுக்குள்ளேயே ஆணை குவிந்து கிடந்தது. எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. நிருபமா போர்வையைக் கண்டுபிடித்தாள். அவள் பிலிமிலும் கோடு. ஆணை இருக்கிறது, சரக்கும் இருக்கிறது என்று பத்ரிநாத் சார் மகிழ்ந்துபோனார். புனாவில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்கு நிருபமாவின் பிலிமை அனுப்பியும்விட்டார்.

வினை அதற்குப் பிறகு வந்தது. 1994 கடைசியில், ஒத்துப்பார்ப்பதற்காக ஐரின் தன்னுடைய கிருமிகளிலும் போர்வையைத் தேடினாள். கோடு விழவில்லை. திரும்பச் செய்தாள். விழவில்லை. புது ரசாயனம் கலந்து திரும்பவும் செய்தாள். பிலிம் துடைத்த கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. அதே கிருமியில் ஆணையைத் தேடினால் மட்டும் பிரமாதமாகத் தெரிகிறது. ஆணை இருக்கிறது, சரக்கு இல்லை. அப்படி ஒன்று இருக்க முடியுமா?

ஆய்வகக் கூட்டத்தில் இரண்டு பிலிமையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றில் கோடு, ஒன்றில் இல்லை. இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும் என்றார் பத்ரிநாத் சார். வராததைவிட வந்ததைத்தானே யாரும் நம்புவார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் பெட்டிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் துவண்டு போயிருந்தன. அம்மாவைக் குளிப்பாட்டி, உணவூட்டி, பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஐரின் கிளம்புவாள். சாயந்தரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். சார் நிருபமாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஐரினின் வேலை எப்படி என்று விசாரித்தார். நிருபமா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, வீட்டில் அம்மாவுக்கு அப்படி ஆனதிலிருந்து அவள் எல்லாவற்றையும் அவசர அவசரமாகத்தான் செய்கிறாள் என்றாள். மனசார அவள் அப்படித்தான் நம்பினாள். நம்பாமல் இருந்தால் தன்னுடைய பிலிம் அல்லவா பொய்யாகிவிடும்.

பத்ரிநாத் சார் கெட்ட மனிதர் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு காக்ஸ் டவுனுக்கே வந்தார். ஐரின் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம். பெட்டிக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக் கவலையால் பெண்ணுக்கு வேலையில் கவனம் சிதறுகிறது, நிருபமாவும் அதைத்தான் சொன்னாள், வேண்டுமானால் ஆறு மாதம் லீவு எடுக்கட்டும் என்றார். பெட்டி தலையசைத்துக்கொண்டே கேட்டார். அவருக்கு டீ கொடுக்க முடியவில்லையே என்று மட்டும் வருத்தப்பட்டார்.

மருந்தோடு வந்த மகளிடம் பெட்டி சொன்னார்:

"ஜனவரி கடைசியில நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். சாம்பியன் ரீஃபுக்கு."

சாம்பியன் ரீஃப் கோலார் தங்கவயலில் இருக்கிறது. சுரங்கம் ஓய்ந்துகொண்டிருந்த ஊர். பெட்டியின் தங்கையும் அவர் கணவரும் ஒண்டியிருந்தது சுரங்கத் தொழிலாளர் வரிசையில் ஒற்றை அறை லைன் வீடு.

"எதுக்கு மம்மி?"

"என் வியாதி உன் வேலையில ஒட்டிக்கிச்சாம். உங்க சார் சொல்லிட்டுப் போறாரு. என்னோட போகட்டும் அது."

"என் வேலையில தப்பு இல்ல மம்மி."

"எல்லாரும் சொல்றாங்களேம்மா. உன் நிருவே சொல்லியிருக்கு."

ஐரின் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். பெட்டி அசையவில்லை. பெற்ற வயிற்றுக்குப் பாரம் தெரியாது என்பார்கள். ஆனால் பெற்ற பிள்ளைக்குத் தானே பாரம் என்று ஒரு தாய் நினைத்துவிட்டால், அந்த நினைப்பை எந்தப் பிள்ளையாலும் இறக்கி வைக்க முடியாது. ஐரினுக்கு அப்போது புரிந்தது ஒன்றுதான். அந்த வெறும் பிலிம் சரி என்று நிரூபித்தால் அம்மா வீட்டில் இருப்பாள். நிரூபிக்க முடியாவிட்டால் போய்விடுவாள். போனால் திரும்பி வரமாட்டாள்.

மறுநாள் ஆய்வகத்தில் அவள் நிருபமாவிடம் சண்டை போடவில்லை. பேசவே இல்லை. இருவரும் ஒரே சூட்டுப் பெட்டியைத் திறந்து மூடினார்கள். ஒரே மெழுகுவர்த்திக் கட்டிலிருந்து எடுத்தார்கள். ஒருத்தி உள்ளே வந்தால் மற்றவள் வெளியே போனாள். டிசம்பர் முழுக்க இப்படியே போயிற்று. கிறிஸ்துமஸுக்கு காக்ஸ் டவுன் வீட்டில் முட்டை போடாத கேக் செய்யப்படவில்லை.

ஜனவரியில் பத்ரிநாத் சார் ஒரு ஏற்பாடு செய்தார். ஒரே தட்டில் வளர்ந்த கிருமிகளை இரண்டு குழாய்களாகப் பிரித்து இரண்டு பெண்களிடமும் கொடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில், அவரவர் வழக்கப்படி செய்ய வேண்டும். யாரும் யாரையும் திருத்தக் கூடாது. எங்கே பிசகு என்று அப்போது தெரிந்துவிடும் என்றார். எங்கே என்று அவர் சொன்னபோது பார்வை ஐரின் மேல்தான் இருந்தது. அம்மா கிளம்ப இன்னும் பத்து நாள்தான் பாக்கி.

கிருமி வளர்க்கும் அறை பழைய கட்டடத்தில் இருந்தது. கிருமிகளை அடியில் படிய வைக்கும் சுழல் இயந்திரம் பெரிய கல் கட்டடத்தில். இரண்டுக்கும் நடுவே மரங்கள் கவிந்த நீண்ட பாதை. அன்று காலை பனி இன்னும் கலையவில்லை. கிளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்கள்.

நிருபமா தன் குழாயை மரத் தாங்கியில் நிறுத்திக் கையில் பிடித்திருந்தாள். உள்ளே இருப்பது மூச்சு விடட்டும் என்று மூடியைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தாள். எப்போதும் அப்படித்தான். கல் கட்டடத்தில் இயந்திரத்துக்குக் கியூ இருக்கும். அவள் தாங்கியை வடக்கு ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, கேன்டீனில் காபி குடித்துவிட்டு, ஆற அமர வருவாள். சாவதானமாகச் செய்கிறாள் என்று பெயர் வாங்கியது அதனால்தான்.

ஐரின் தன் குழாயின் மூடியை இறுக்கித் திருகினாள். ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றி, குழாயை உள்ளே விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு பொத்தானைப் போட்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

நிருபமா நின்றுவிட்டாள். பேசக் கூடாது என்ற வைராக்கியம் அந்த இடத்தில் உடைந்தது.

"என்னடீ பண்ற?"

"என்ன பண்றேன்?"

"டியூப்ப எங்க வெச்சிக்கிட்ட?"

"குளுருது இல்ல," என்றாள் ஐரின், நிருபமாவின் முகத்தைப் பார்க்காமல்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்தான். மெஷின் காலியாகற வரைக்கும் வெளிய எடுக்கவே மாட்டேன். ஜனவரியில இட்லி மாவுப் பானைக்கே எங்க மம்மி ஸ்வெட்டர் சுத்துவாங்க. இது உசுரு."

"அத ஏன்டீ மீட்டிங்ல சொல்லல?"

"இதெல்லாம் ஒரு விஷயமா? தலைய வாரிட்டு வந்தேன்னு நீ மீட்டிங்ல சொல்றியா?"

நிருபமா தன் கையில் இருந்த தாங்கியைப் பார்த்தாள். குழாயைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. மூடி தளர்ந்த வழியில் காற்று போய் வந்து, ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டிய திரவம் ரோஜா நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. சட்டென்று ஐரினின் ஸ்வெட்டருக்குள் கையை விட்டாள். ஐரின் பின்வாங்குவதற்குள் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். ஜுரம் வந்த குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது.

நிருபமா கையை வெளியே எடுத்தாள்.

"ஐரின், உன்னுது இன்னும் மனுஷ உடம்புக்குள்ளதான் இருக்கறதா நெனச்சிக்கிட்டிருக்கு. என்னுது கொசு வயித்துக்குப் போயிட்டதா நெனச்சிக்கிச்சு."

ஐரின் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

சூடான ரத்தத்திலிருந்து கொசுவின் வயிற்றுக்குப் போகும்போது கிருமி என்னத்தை உணரும்? முதலில் குளிரை. பிறகு தன்னைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மை குறைவதை. வந்து சேர்ந்துவிட்டோம் என்று அதற்குச் சொல்லும் அடையாளங்கள் அவைதான். பெங்களூரின் காலைக் குளிரும் தளர்ந்த மூடியும் அந்த இரண்டு அடையாளங்களையும் நிருபமாவின் குழாய்க்குக் கொடுத்துவிட்டன. அவள் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வடக்கு ஜன்னல் மேடையில், மணப்பெண் தான் மண்டபத்துக்கு வந்துவிட்டதாக நம்பிப் போர்வையை நெய்துகொண்டிருந்தாள். ஐரினின் மணப்பெண்ணுக்கு அந்த ஏமாற்றம் நேரவில்லை. ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நூல்கூட நெய்யாமல், கொசு வரட்டும் என்று காத்திருந்தாள்.

வெளியூர்க்காரர் யாராவது வந்து வேலை செய்திருந்தால் குளிரை ஒரு விஷயமாகக் கவனித்திருப்பார். இவர்கள் இருவரும் அந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தி அதை மறந்துவிட்டாள். இன்னொருத்தி அதற்கு ஸ்வெட்டர் போட்டாள். இரண்டையும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இருவரும் வந்த வழியே ஓடினார்கள். மிச்சமிருந்த கிருமியை நான்கு குழாய்களாகப் பிரித்தார்கள். இம்முறை இரண்டு குழாய்கள் நிருபமாவின் ஸ்வெட்டருக்குள். இரண்டு குழாய்கள் ஐரின் கையில், மரத் தாங்கியில், மூடி தளர்ந்து. கேன்டீனுக்கும் போனார்கள். வழக்கம் மாறக் கூடாதல்லவா. கைகளைக் கட்டிக்கொண்டே காபி குடிக்க முடியாமல் நிருபமா பாதியை மேலே கொட்டிக்கொண்டாள். ஐரினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பிலிம் வந்தது. ஸ்வெட்டருக்குள் இருந்தவற்றில் கோடு இல்லை. குளிரில் நின்றவற்றில் மை தீட்டின மாதிரி கோடு. ஆணை மட்டும் எல்லாவற்றிலும் ஒரே அளவு இருந்தது.

பத்ரிநாத் சார் அதை வெளிச்சப் பலகையில் வைத்து ஒவ்வொரு குழாயின் இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஒரு நாளாவது உங்களோடு அந்தப் பாதையில் நடந்து வந்திருக்க வேண்டும் என்றார். புனாவுக்கு எழுதி முதல் பிலிமைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார். மனித உடம்பில் இருக்கும்வரை கிருமி அந்தப் போர்வையைக் காட்டுவதே இல்லை என்றால், நம் உடம்பு அதைப் பார்த்ததே இல்லை, அதை மாற்றி ஒளிந்துகொள்ளக் கிருமியும் கற்றிருக்காது என்று ஆகிறது, தடுப்பூசிக்கு இதைவிட நல்ல சேதி உண்டா என்று குரல் உயர்ந்தது. கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டு, ஐரினுடையதுதான் என்று அவரே பதிலும் சொன்னார்.

ஐரினின் காதில் அது சரியாக விழுந்ததா என்பதே சந்தேகம். அவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நிருபமா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஐரின், நான் அன்னைக்கு சார்கிட்ட..."

"என்கிட்ட சொல்ல வேணாம் நிரு," என்றாள் ஐரின். "எங்க மம்மிகிட்ட வந்து சொல்லு."

நிருபமாவின் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் இருவரும் காக்ஸ் டவுனுக்கு வந்தார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நிருபமா உள்ளே போகத் தயங்கினாள். ஞாயிறுதோறும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு நேரே சமையலறைக்கு ஓடிய பெண்.

பெட்டி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயலிழந்த இடது கை மடியில் கிடந்தது. தரையில் தோல் சூட்கேஸ் திறந்திருந்தது. எல்லம்மா துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா," என்றார் பெட்டி. கோபமும் இல்லை, பழைய குரலும் இல்லை. "வழியனுப்ப வந்தியா?"

நிருபமா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ஐரின் அவசரத்துல வேலையக் கெடுக்கறான்னு சார்கிட்ட சொன்னது நான்தான். அவ கெடுக்கல. நாங்க எல்லாரும் கோட்டை விட்டத அவ ஒருத்திதான் பத்திரமா பாத்துக்கிட்டா. அவ பிலிம்ல கோடு விழல. ஏன்னா விழக் கூடாது."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

நிருபமா கண்ணீரும் மூக்குமாகச் சொன்னாள். மணப்பெண், போர்வை, குளிர், கொசு எல்லாவற்றையும் சொன்னாள். சின்னப் பிள்ளைகளின் உளறலை வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியவர் அல்லவா, பெட்டி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நீ பாத்தது மெய்தான்?"

"மெய்தான் ஆன்ட்டி."

"இவ பாத்ததும் மெய்?"

"ஆமா."

"ரெண்டு பேரும் மெய்ய வெச்சிக்கிட்டு எதுக்குடீ இத்தன நாள் பேசிக்காம இருந்தீங்க?"

இருவரும் தலை குனிந்துகொண்டார்கள். எல்லம்மா மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வைப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி வலது கையால் நிருபமாவின் தலையைத் தொட்டார். "என்னால இவ படிப்பு கெட்டுப் போச்சேன்னுதான் நான் கிளம்பினேன். கெடலன்னா, சாம்பியன் ரீஃபுல எனக்கு என்ன வேலை? அங்க என் தங்கச்சி குறட்டைய யாரு கேக்கறது." பிறகு ஐரின் பக்கம் திரும்பி, எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அம்மா வரவில்லை என்று சின்னம்மாவுக்குத் தகவல் சொல்லச் சொன்னார். எல்லம்மா யாரும் சொல்லாமலே துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

பூத் தெருமுனையில் இருந்தது. ஐரின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணைச் சுழற்றினாள். பக்கத்து வீட்டு போனுக்கு ஓடி வந்த சின்னம்மாவுக்குப் பதற்றம். அக்காவுக்கு உடம்பு மோசமாகிவிட்டதா, அதனால்தான் வரவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இல்ல சின்னம்மா. நல்லாத்தான் இருக்காங்க," என்றாள் ஐரின். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "எனக்கு அவங்க வேணும் சின்னம்மா. அவங்க இல்லாம என்னால முடியாது. அவ்வளவுதான்."

ரிசீவரை வைத்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. அம்மா போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வேலையில் தப்பில்லை, சார் சொன்னது பொய், நிரு சொன்னது பொய் என்று என்னென்னவோ வாதாடியிருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அது அவளுக்குள்ளே எப்போதோ எழுதப்பட்டுத் தயாராகத்தான் இருந்தது. வாய்க்கு வரவில்லை. கடைசியில் தங்கவயலில் இருக்கும் சின்னம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவள் நடக்கவில்லை. ஓடினாள். மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்து, நிருபமா பக்கத்தில் இருப்பதையும் பாராமல், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அதே வார்த்தைகளை அப்படியே சொன்னாள்.

பெட்டியின் நல்ல கை மகளின் முதுகில் மேலும் கீழுமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, நான் சூட்கேஸையே எடுத்திருக்க மாட்டேனேம்மா," என்றார்.